டிவி லைசென்ஸும் இரண்டு சோற்றுப் பானைகளும்

எங்கள் தெருவுக்கு டிவி லைசென்ஸ் சோதிக்க வருகிறவர் தரையைப் பார்த்து நடக்கவே மாட்டார். ரங்கூன் தெருவில் அப்படி நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. உடைந்த சாக்கடைப் பலகை, வெற்றிலை எச்சில், நடுவழியில் படுத்திருக்கும் நாய் என்று அடிக்கு ஒரு வம்பு உண்டு. அத்தனையையும் தாண்டி, முகத்தைக் கூரைகளுக்கு மேலேயே வைத்துக்கொண்டு ஒருவர் நடக்கிறார் என்றால் அவருக்குப் பாதத்திலும் கண் இருக்க வேண்டும் என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு எட்டு வயது.

அவர் பார்ப்பது ஆன்டெனாக்களை. மூங்கில் கழியின் உச்சியில் அலுமினியக் குச்சிகள் நின்றால் அந்த வீட்டில் டிவி இருக்கிறது. டிவி இருந்தால் லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அது யார் பேரில் இருக்கிறதோ அவர் குடும்பத்தோடுதான் பெட்டியும் இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்ததோ தெரியாது, எங்கள் பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இவ்வளவுதான்.

முந்தின வருஷம் பக்கத்துச் சந்தில் ஒரு தையல்காரர் வீட்டுப் பெட்டி அப்படிப் போனது. பழைய லுங்கியால் மூடி, சைக்கிளோடு பக்கத்தில் ஆசனம் கட்டிய சைக்கா வண்டியில் வைத்து, யாரும் தொடாதபடி மெதுவாகக் கொண்டு போனார்கள். பிள்ளைகள் நாங்கள் பெரிய சாலை வரைக்கும் பின்னாலேயே போனோம். தையல்காரர் மட்டும் வாசலில் நின்று, கழுத்தில் டேப்பைப் போட்டபடி, சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவரிடம் ஒன்றும் நடக்காத மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்.

சோதிக்க வருகிறவரின் தோள்பையில் ஒரு கருவி இருக்கிறது என்றும், டிவி அணைந்திருந்தாலும், போர்வையால் மூடி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாலும் அது டிக் டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்றும் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண் சொன்னாள். அவள் வீட்டில் டிவி கிடையாது. அதனால் பயமில்லாமல் நிறைய விஷயம் தெரிந்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து அவரை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். போலீஸ்காரரைக்கூட நான் அப்படி நினைத்ததில்லை.

எங்கள் வீடு ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. கீழே செங்கல் சுவர், மேலே பலகை. ரயில் போனால் மாடி மட்டும் ஆடும். மாடியில் பெரியப்பாவும் பெரியம்மாவும். கீழே அப்பா, அம்மா, நான். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து சந்தைக்கு அருகே சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார்கள். நான் சிறு குழந்தையாக இருந்தவரை ஒரே அடுப்புதான். அது இரண்டாகப் போனது நாப்பியால்.

நாப்பி என்பது மீனையும் கூனி இறாலையும் உப்பில் ஊறப்போட்டு இடித்த விழுது. வறுத்தால் அடுத்த தெருவுக்கும் தெரியும். அம்மா த்வாண்டே என்ற ஊரில் பர்மியப் பெண்களோடு வளர்ந்தவள், நாப்பி இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. பெரியம்மா முருகனுக்கு விரதம் இருக்கிறவள். ஒரு கார்த்திகையன்று பெரியம்மா சூடம் ஏற்றிய அதே நேரத்தில் அம்மா வாணலியில் நாப்பியைப் போட்டாள். வேண்டுமென்று போட்டாளா, நாளை மறந்து போட்டாளா என்பதில் எங்கள் உறவுக்காரர்களிடையே இரண்டு கட்சிகள் இருந்தன. “இனி அந்த அடுப்புல வெந்தது என் தொண்டையில இறங்காது” என்றாள் பெரியம்மா. அன்று சாயங்காலமே மாடியில் தனி அடுப்பு மூட்டிவிட்டாள்.

சாமான்களைப் பிரித்தார்கள். ஆட்டுக்கல்லை மாடிக்குத் தூக்க முடியாததால் அது எங்களுக்கு வந்தது. தையல் மெஷின் அவர்களுக்குப் போனது. டிவி யாருக்கு என்று வந்தபோது பெரியப்பா, “பிள்ளை இருக்கிற இடத்துல இருக்கட்டும்” என்றார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் பெட்டி கீழே தங்கியது. அதன் லைசென்ஸ் பெரியப்பா பேரில் இருந்ததால் அது மாடியில் அவருடைய தகரப் பெட்டிக்குள் தங்கியது. ஆன்டெனாக் கழியைக் கட்டியிருந்த கயிறு பெரியம்மாவின் ஜன்னல் கம்பியில் இருந்தது. அதைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணனும் தம்பியும் கடையில் நன்றாகத்தான் பேசிக்கொள்வார்கள். வெயில், விலைவாசி, டயர் என்று எல்லாவற்றையும் பேசுவார்கள். சேர்ந்தே வீடு திரும்புவார்கள். வாசல் வந்ததும் இருவர் வாயும் மூடிக்கொள்ளும். ஒருவர் படியேறிப் போவார், ஒருவர் உள்ளே போவார். பெண்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக் கார்த்திகைகள் பல போயிருந்தன. நான் மட்டும் இரண்டு இடத்திலும் சாப்பிட்டுக் கொழுத்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிவியை எல்லோருமே பார்த்தோம். மாடிப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தது. சாயங்காலம் கரண்ட் போய்த் திரும்பியதும் தெரு முழுக்க “மீ லாபி!” என்று கத்துவோம். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கீழே பெட்டியைப் போடுவோம். முதலில் செய்தி, பிறகு கூரைக்குக் கூரை பறக்கும் சீனத் தொடர். அதே நேரத்தில் பெரியப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு வந்துவிடும். இடுப்புக்கு வெறும் பலகையில் குப்புறப் படுப்பதுதான் நல்லது என்று சொல்லி, சரியாக டிவிக்கு நேர் மேலே படுப்பார். பெரியம்மா அதே இடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். சண்டைக் காட்சி வந்தால் மேலிருந்து இரண்டொரு அரிசி எங்கள் தலையில் உதிரும். அம்மா அதைத் தட்டிவிட்டுக்கொண்டே படத்தைப் பார்ப்பாள். அப்பாவோ, சைக்கிள் சக்கரம் சுற்றுகிற சத்தத்திலேயே எந்த பால்ரஸ் குண்டு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவர், டிவி முன்னால் உட்கார்ந்ததும் “ஒண்ணும் கேக்கலையே” என்று சத்தத்தைக் கூட்டி வைப்பார். மாடியில் யாரும் குடியிருப்பதாகவே எங்களுக்குத் தெரியாத மாதிரி எல்லோரும் நடந்துகொள்வோம்.

அந்த வருஷக் கோடை விடுமுறையில் ஒரு நாள், நல்ல வெயில். அப்பா கடைக்குப் போயிருந்தார். பெரியப்பா அன்றைக்கு நிஜமாகவே இடுப்பு பிடித்து மாடியில் படுத்திருந்தார். அம்மா அரிசியை ஊறவைத்துவிட்டு, இறால் போட்ட புளிச்சகீரைக் குழம்பை அடுப்பில் ஏற்றியிருந்தாள். அப்போது தெருவின் முதல் வீட்டிலிருந்து ஒரு பெண் குரல், “மழை வருது, துணியை எடுங்க!” என்று பர்மியில் கூவியது. மேகம் ஒரு பொட்டு இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு அதே கூவல் தாவித் தாவி வந்தது. கூவல் வந்த வீடுகளில் ஆன்டெனாக் கழிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து படுத்தன. லைசென்ஸ் சோதிக்க ஆள் வருகிறது என்று சொல்ல எங்கள் தெருவில் அதுதான் ஏற்பாடு.

அம்மா கரண்டியோடு எழுந்தாள். “ஓடு, மேல போய்க் கயித்தை இறக்கச் சொல்லு.”

நான் ஓடினேன். பெரியம்மா ஏற்கெனவே ஜன்னலில் நின்றாள். கயிறு கையில்தான் இருந்தது.

“யாரு சொன்னது?”

“அம்மா.”

“உங்கம்மாவுக்கு வாய் இல்லையாக்கும்? நடுவுல பலகைதானே இருக்கு. அங்கேருந்தே ‘அக்கா’ன்னு ஒரு வார்த்தை கூப்பிடட்டும், இந்தா இறக்கிடுறேன்.”

கீழே வந்தேன். நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “நானா? நாக்கு அழுகினாலும் கூப்பிட மாட்டேன்னு சொல்லு” என்றாள். மறுபடி ஓடினேன். அதையும் பெரியம்மா நான் வாய் திறந்த பிறகே கேட்டுக்கொண்டாள். பெரியப்பா தரையில் கிடந்தபடி, “நான் இறக்கிடுறேன், விடு” என்று எழப் பார்த்து, பாதியில் முனகிவிட்டுப் படுத்தார்.

“நீங்க சும்மா கிடங்க” என்றாள் பெரியம்மா.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெரு முழுவதும் கூரைகள் மொட்டையாக இருந்தன. எங்கள் ஆன்டெனா ஒன்று மட்டும் வெயிலில் பளபளவென்று நின்றது. தெருமுனையில் கறுப்புக் குடையோடு ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைத் தாழ்த்தி, நேராக எங்கள் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவர் தரையைப் பார்த்து நடந்ததை நான் முதன்முதலாகக் கண்டேன்.

அவரோடு எங்கள் பேட்டைப் பெரியவரும் வந்தார். அவரை எல்லோரும் லூஜி என்பார்கள், பர்மியில் பெரிய மனிதர் என்று பொருள். எந்த அதிகாரி வந்தாலும் கூடவே வந்து வீடு காட்டுவது லூஜியின் வேலை. எங்கள் வீட்டுப் பாகப் பிரிவினையில் ஆட்டுக்கல் கீழ்வீட்டுக்கு என்று தீர்ப்புச் சொன்னவரே அவர்தான். அதனால் எங்கள் அடுப்புக் கதையில் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

நான் எதிர்பார்த்த மாதிரி அதிகாரி ஆறடி இல்லை. ஒல்லியாக, வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட லுங்கியுமாக இருந்தார். செருப்பை வெளியே கழற்றி, காலில் ஒட்டியிருந்த தூசியைச் சாக்கில் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். அவ்வளவு பெரிய அதிகாரம் உள்ளவர் எங்கள் சாக்கில் கால் துடைத்தது என் பயத்தை இன்னும் கூட்டியது. குரலை உயர்த்தத் தேவையே இல்லாதவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பேச்செல்லாம் பர்மியில் நடந்தது.

“அம்மா, டிவி இருக்கா?”

பூப்போட்ட துணியால் மூடி எதிரிலேயே இருந்தது. “இருக்கு, ஸயா” என்றாள் அம்மா. ஸயா என்றால் ஐயா.

“லைசென்ஸ்?”

“இருக்கு. என் வீட்டுக்காரரோட அண்ணன் பேருல.”

“அவர் எங்க இருக்கார்?”

“இங்கதான் இருக்கேன், ஸயா” என்று கூரை பதில் சொன்னது. அதிகாரி அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அது பழகிய வேலைதானே. பலகை இடுக்கில் பெரியப்பாவின் ஒரு கண் தெரிந்தது.

பெரியப்பா சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி படி படியாக இறங்கி வருவதற்குள் எங்களுக்கெல்லாம் உயிர் போய் வந்தது. லைசென்ஸை நீட்டினார். அதில் அந்த வருஷத்து முத்திரை இருந்தது. அடுப்புப் பிரிந்த பிறகும் அவர் தவறாமல் போய்ப் புதுப்பித்திருக்கிறார். இடுக்கு வழியாகப் பார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அதிகாரி அதைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார்.

“லைசென்ஸ் மேல, டிவி கீழ. நீங்க ரெண்டு குடும்பமா?”

“ஒண்ணுதான்” என்றாள் அம்மா. குரல் பாதிதான் வந்தது.

“எத்தனை சோத்துப்பானை?”

பர்மியர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஒரு பானைச் சோற்றைத் தின்றால் ஒரு குடும்பம், இரண்டு பானை என்றால் இரண்டு குடும்பம். இரண்டு குடும்பம் என்றால் எங்கள் பெட்டிக்கு லைசென்ஸ் கிடையாது. சைக்கா வண்டியும் பழைய லுங்கியும் எனக்குக் கண் முன்னால் வந்தன.

“ஒரு பானை, ஸயா” என்றாள் அம்மா.

அவள் சொல்லி முடிக்கவும் மாடியிலிருந்து கத்தரிக்காய்ச் சாம்பாரின் வாசம் இறங்கி வரவும் சரியாக இருந்தது. கீழே புளிச்சகீரை கொதித்தது. அதிகாரியின் மூக்கு ஒரு தடவை மேலே போய் ஒரு தடவை கீழே வந்தது. அவர் பைக்குள் இருக்கும் கருவியைவிட அந்த மூக்கு பொல்லாததாகத் தோன்றியது. அவர் லூஜியிடம் திரும்பி, “அப்படியா?” என்று கேட்டார். லூஜி சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அன்றைக்குத்தான் பார்க்கிறவர் போலப் படித்துக்கொண்டிருந்தார். அவர் பொய் சொன்னால் அவருக்கு வம்பு, உண்மையைச் சொன்னால் எங்களுக்கு வம்பு. பெரியப்பா இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

அப்போது மாடிப்படியில் மெட்டிச் சத்தம் கேட்டது.

பெரியம்மா இறங்கி வந்தாள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்து, ஆவி பறக்கும் சோற்றுப்பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அடுப்புப் பிரிந்த நாளிலிருந்து அவள் எங்கள் அடுப்படியை மிதித்ததில்லை. தெருவுக்குப் போக வர இருந்த நடையோடு சரி. இப்போது யாரையும் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய், பானையை அம்மாவின் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். பிறகு அதிகாரிக்கும் புரியட்டும் என்று பர்மியிலேயே கேட்டாள்.

“சோறு வெந்தாச்சு. குழம்பு ஆச்சா?”

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அம்மாவும்தான். கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. அம்மாவுக்குப் பொய் சரளமாக வராது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பொய் தேவைப்படவில்லை.

“ஆச்சுக்கா” என்றாள்.

“எங்க வீட்டுல இப்படித்தான், ஸயா” என்று பெரியம்மா அதிகாரியிடம் சொன்னாள். “கீழ இடம் போதாது. மேல சோறு, கீழ குழம்பு.”

அதிகாரியின் பார்வை மெதுவாக நகர்ந்து, என் பக்கத்தில் மூடியில்லாமல் இருந்த இன்னொரு பானைக்கு வந்தது. அதில் அம்மா ஊறவைத்த அரிசி இருந்தது. “அது?” என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“அது நாளைக்கு இட்லிக்கு” என்றாள் பெரியம்மா, கண் இமைக்காமல். “இந்தா இருக்கே ஆட்டுக்கல்லு, இதுலதான் ரெண்டு பேரும் அரைப்போம்.”

ஆட்டுக்கல் தீர்ப்பைச் சொன்ன லூஜி காலண்டரின் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டார்.

அதிகாரி தலையாட்டினார். சோதித்ததற்கான முத்திரையை வைப்பதற்காகத் தோள்பையைத் திறந்தார். கருவியைப் பார்க்கப்போகிறேன் என்று நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே மைப்பெட்டியும், ஒரு துண்டும், சின்ன எவர்சில்வர் சோற்று டப்பாவும் இருந்தன. நான் பார்த்ததைப் பெரியம்மாவும் பார்த்துவிட்டாள்.

“மத்தியான நேரத்துல வீட்டுக்கு வந்தவங்க டப்பாச் சோத்தைத் தின்னுட்டுப் போனா எங்களுக்கு நல்லாவா இருக்கும்? உக்காருங்க, ஸயா” என்றாள். அதிகாரி வேண்டாம் என்றார். லூஜி உடனே உட்கார்ந்துவிட்டார். அதனால் அதிகாரியும் உட்கார வேண்டியதாயிற்று.

வட்ட மேசையைப் போட்டார்கள். பெரியம்மா சோறு வைத்தாள், அம்மா குழம்பு ஊற்றினாள். இருவர் கையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல், ஆனால் ஒன்றைத் தொட்டு ஒன்று வந்தன. லூஜிக்குப் பிடிக்குமே என்று அம்மா வறுத்த நாப்பியையும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். அதைப் பெரியம்மா இருக்கும் பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்தாள். பெரியம்மாவும் உட்கார வேண்டும் என்று அதிகாரி வற்புறுத்தினார். அவளும் உட்கார்ந்தாள். ஒரே குடும்பம் என்று சொல்லிவிட்டு எப்படி நிற்பது?

பர்மியர்களிடம் ஒரு மரியாதை உண்டு. சாப்பாட்டில் முதல் கரண்டியை எடுத்து, அந்த வீட்டில் மூத்தவர் தட்டில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அதிகாரி நன்றாக வளர்க்கப்பட்ட மனிதர். மேசையில் எது வாசனையாக இருக்கிறது என்று பார்த்து, தள்ளி இருந்த கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கரண்டி நிறைய நாப்பியை எடுத்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டி, சோறு வைத்த மூத்தவர் என்று பெரியம்மாவின் தட்டில் வைத்தார்.

பெரியப்பா தன் தட்டையே பார்த்தார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்த நேரத்தில் டிவி மறந்துபோனது. பெரியம்மா எழுந்து போய்விடுவாள், இனி எப்போதும் இறங்கி வர மாட்டாள் என்று மட்டும்தான் தோன்றியது. அவள் எழுந்துவிடக் கூடாது என்று, சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தே வேண்டிக்கொண்டேன். நாப்பி விஷயத்தில் முருகனிடம் போவது சரியா என்று யோசிக்க நேரமில்லை.

பெரியம்மா சோற்றைப் பிசைந்தாள். நாப்பியைத் தொட்டு ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். தண்ணீர் குடிக்காமலேயே விழுங்கினாள்.

“உறைப்பு கம்மியா இருக்கே” என்றாள், தமிழில்.

அம்மாவின் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது. “நாளைக்குக் கூடப் போடுறேன்க்கா” என்றாள்.

நாப்பியின் காரம் அம்மாவின் கண்ணுக்குப் போய்விட்டது போலிருக்கிறது என்று அதிகாரி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவால் முடியவில்லை, பெரியப்பாவால் முடியவில்லை, பஞ்சாயத்து பண்ணிய லூஜியாலும் முடியவில்லை. இந்த ஒல்லி மனிதர் ஒரே ஒரு கரண்டியால் பெரியம்மாவை நாப்பி தின்ன வைத்துவிட்டார். அரசாங்கம் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

போகும்போது அவர் லைசென்ஸைப் பெரியப்பாவிடம் திருப்பிக் கொடுத்து, “ஒரே குடும்பம்தான், சரியா இருக்கு. ஆனா எப்ப வேணாலும் மறுபடி வந்து பார்ப்போம்” என்றார். எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் தாண்டியதும் முகத்தைப் பழையபடி வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் மாடியிலிருந்த சாம்பார் கீழே வந்தது. கடையிலிருந்து வந்த அப்பா அடுப்படியில் இரண்டு பெண்களையும் சேர்த்துப் பார்த்ததும் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் உள்ளேயே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். டிவி போட்டபோது நாங்கள் ஐந்து பேரும் கீழே உட்கார்ந்தோம். பெரியப்பாவின் இடுப்பு நேராகிவிட்டது.

சில நாள் கழித்து லூஜி ஒரு யோசனையோடு வந்தார். அப்பாவிடம், “பேரை மாத்திடுங்களேன். ஒரு தடவை ஆபீஸுக்குப் போய் வந்தா முடிஞ்சுது. டிவியும் உங்களுது, லைசென்ஸும் உங்களுதுன்னு ஆயிடும். அப்புறம் யார் வந்தாலும் பயமில்லை, அவங்க அவங்க பானை அவங்க அவங்களுக்கு” என்றார்.

அவ்வளவு சுலபமான வழி இருப்பது தெரிந்து நான் குதித்தேன். ஆனால் பெரியவர்களுக்கு அது சரிப்படவில்லை. கடையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்றார் அப்பா. மழை பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது என்றார் பெரியப்பா. நல்ல நாள் பார்க்காமல் பேர் மாற்றக் கூடாது என்றாள் பெரியம்மா. மழையும் வந்து போனது, நல்ல நாட்களும் எத்தனையோ வந்து போயின. லைசென்ஸ் பெரியப்பா பேரிலேயே இருந்தது. அதனால் தினமும் மேலே சோறு வெந்தது, கீழே குழம்பு கொதித்தது, மத்தியானம் பெரியம்மா பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். “அந்த மனுஷன் எப்ப வேணாலும் வந்து நிப்பானே” என்று படியில் சொல்லிக்கொண்டே வருவாள். “ஆமாக்கா, சொல்ல முடியாது” என்பாள் அம்மா.

அவர் வரவேயில்லை. அடுத்த கோடையில் லூஜி வந்து, அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், இனி கவலைப்பட வேண்டாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“புதுசா வர்றவன் இன்னும் பொல்லாதவனா இருப்பான்” என்றாள் பெரியம்மா.

“மூக்கு இன்னும் கூர்மையா இருக்கும்” என்றாள் அம்மா.

அப்பா தலையாட்டினார். பெரியப்பாவும், “ஜாக்கிரதையா இருக்கிறதுதான் நல்லது” என்றார். இவ்வளவு பெரியவர்கள் நான்கு பேர், இன்னும் வந்தே சேராத ஒரு அதிகாரிக்கு இப்படிப் பயப்படுகிறார்களே, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. நான் வாசலுக்குப் போய்த் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.